எட்ட நின்று காட்டும் கருணை

சென்ற ஐப்பசி மழையின்போது ஒரு பிற்பகலில், முப்பத்தெட்டு வயதுடைய ஒருவரை அவர் குடும்பத்தார் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். வலக்கைச் சுட்டுவிரல் கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. உடன் வந்த மைத்துனர், கையிலிருந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மேசைமீது வைத்தார். மூடியில் காற்றுக்காக ஆணியால் துளைகள் இடப்பட்டிருந்தன. உள்ளேயிருந்து, குக்கர் ஆவி விடுவது போன்ற நீண்ட சீறல் எழுந்தது. ஒரு நிமிடத்தில் அந்த மேசையருகே நோயாளரையும் எங்களையும் தவிர ஒருவரும் இல்லை.

அவர் வீடு செங்கற்பட்டுப் பகுதியில் ஏரிக்கரையை ஒட்டிய புதிய குடியிருப்பில் இருக்கிறது. தோட்டத்தில் கோழிகளுக்காகக் கட்டியிருந்த நைலான் வலையில் பாம்பு சிக்கிக்கொண்டது. அண்டை வீட்டார் கம்புடன் ஓடிவந்தபோது, "அடிக்காதீர்கள், மலைப்பாம்புக் குட்டிதான், ஏரியில் விட்டுவிடலாம்" என்று தடுத்தவர் இவரே. பாம்பு பிடிக்கும் காணொளிகளைக் கைப்பேசியில் பலமுறை கண்டிருந்தார். துண்டைப் போட்டு மூடி, கத்தரிக்கோலால் வலையை அறுத்து, கழுத்தைப் பற்றினார். அது மலைப்பாம்பு அன்று, கண்ணாடி விரியன்.

அவருடைய இசைவுடன், அவரை அடையாளம் காண இயலாதவாறு சில விவரங்களை மாற்றி இதனை எழுதுகிறோம். பாம்பை அடிக்கப்போய்க் கடிபட்டவர்களை நாங்கள் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறோம். காப்பாற்றப்போய்க் கடிபட்டவர்களையும் இப்போது பார்க்கிறோம். எண்ணம் நல்லது. ஆனால் விரியனுக்கு நம் எண்ணம் தெரியாது. கழுத்தை நெருக்கும் கை, அதற்குக் கொல்ல வந்த கைதான்.

அன்று நடந்தவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். அவருடைய இரத்தத்தில் இரண்டு மில்லிலிட்டர் எடுத்துச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்தோம். இயல்பான இரத்தம் அதற்குள் உறைந்துவிடும்; அவருடையது தண்ணீராகவே ஓடியது. நஞ்சு முறிவு மருந்து உடனே தொடங்கப்பட்டது. மறுநாள் இரத்தம் உறையத் தொடங்கியது. ஆனால் சிறுநீர் குறைந்தது. கண்ணாடி விரியனின் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்குவது நாங்கள் அஞ்சிக் காத்திருக்கும் ஒன்று. ஏறத்தாழ இரண்டு வாரம் டயாலிசிஸ் தேவைப்பட்டது. விரல் நுனியின் தசை அழுகியதால் அறுவைச் சிகிச்சையும் வேண்டியிருந்தது. அவர் மனைவி அத்தனை நாளும் வார்டுக்கு வெளியே பாய் விரித்துக் கிடந்தார்.

ஒன்பதாம் நாள் காலை, டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே படுத்தபடி அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பாம்பு என்ன ஆயிற்று, டாக்டர்?" என்பதுதான்.

அதற்கான விடை எங்களிடம் இருந்தது. பாம்பு வந்த அன்றே மருத்துவமனையிலிருந்து 101 என்ற எண்ணுக்கு அழைத்திருந்தோம். தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையினர் வந்து, டப்பாவோடு எடுத்துச் சென்று வனத்துறையிடம் ஒப்படைத்தார்கள். அதே அழைப்பை அவர் தோட்டத்திலிருந்து செய்திருந்தால் பாம்புக்கும் அவருக்கும் இத்தனை துன்பம் நேர்ந்திராது.

பாம்பை இங்குக் கொண்டுவர வேண்டியதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் கிடைக்கும் நஞ்சு முறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. எனவே நோயாளரின் உடலில் தோன்றும் குறிகளைப் பார்த்தே சிகிச்சை செய்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் சில குழிவிரியன்களின் நஞ்சுக்கு இம்மருந்து பயன்படுவதில்லை. அங்கேகூட எட்ட நின்று எடுத்த ஒரு படம் போதும். படம் எடுப்பதற்காக ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். அடித்துக் கொன்ற பாம்பைப் பையில் போட்டுக் கொண்டுவருபவர்களும் உண்டு. அறுபட்ட தலைகூடச் சிறிது நேரம் வரை கடிக்கும்.

"விஷமில்லாத பாம்பென்றால் பிடித்துவிடலாமே?" என்று கேட்பார்கள். கண்ணாடி விரியனின் முதுகில் வரிசையாகக் கரும்பழுப்பு வட்டங்கள் இருக்கும். மலைப்பாம்புக் குட்டிக்கும் மண்ணுளிப் பாம்புக்கும் ஒழுங்கற்ற திட்டுகள் இருக்கும். கட்டு விரியனுக்கும் நஞ்சற்ற ஓநாய்ப் பாம்புக்கும் உடலில் வெண்பட்டைகள் உண்டு. படத்தில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். மாலை மங்கலில், மழை ஈரத்தில், வலைக்குள் நெளியும் உடலில் தெரியாது. தெரியும் அளவுக்கு நெருங்குவதுதான் கடிபடும் தூரம்.

அப்படியானால் பாம்பைக் கண்டவுடன் என்ன செய்வது? முதலில், ஒன்றும் செய்யாமல் நிற்பது. நம் ஊரார்க்கு இதுதான் மிகக் கடினம் போலும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றால் எந்தப் பாம்பும் நம்மைத் துரத்தி வராது. தோட்டத்திலோ வாசலிலோ கண்டால், அதன் வழியை மறிக்காமல் விட்டாலே பெரும்பாலும் தானாகவே போய்விடும். குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். வீட்டுக்குள் இருந்தால், மற்ற அறைகளின் கதவுகளை மூடி, அடியிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்து, வெளிக்கதவைத் திறந்து வையுங்கள். ஒருவர் மட்டும் தொலைவில் நின்று அது எங்கே போகிறது என்று கண்காணிக்கட்டும். மீட்பாளர் வரும்போது பாம்பு இருக்கும் இடம் தெரியாவிட்டால், வீட்டிலுள்ள ஒவ்வொரு பெட்டியையும் நகர்த்தித் தேட வேண்டியிருக்கும். மண்ணெண்ணெய் தெளிப்பதும் வெந்நீர் ஊற்றுவதும் வேண்டா. எரிச்சலுற்ற பாம்பு எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் சொல்ல முடியாது.

பின்னர் 101-க்கோ, வனத்துறைக்கோ, வனத்துறையின் அனுமதி பெற்ற மீட்பாளருக்கோ அழையுங்கள். 1972 ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை முதலியவற்றை அனுமதியின்றிப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் கொல்வதும் குற்றம். வந்தவர் நல்ல மீட்பாளரா என்பதை அவர் பிடிக்கும் முறையிலேயே கண்டுகொள்ளலாம். பயின்றவர் பாம்பின் கழுத்தைப் பற்றுவதில்லை. வளைந்த கம்பியால் உடலைத் தாங்கி, ஒரு துணிப்பையின் வாயில் பொருத்திய பிளாஸ்டிக் குழாயைப் பாம்பின் முன் வைப்பார். ஒளிந்துகொள்ள இருட்டிடம் தேடும் பாம்பு, குழாயைப் பொந்தென்று எண்ணித் தானே உள்ளே போய்விடும். பையை முடிந்து பெட்டிக்குள் வைப்பார். பார்ப்பதற்குச் சுவையாக இராது, நேரமும் ஆகும். இடுக்கியால் இறுக்கிப் பிடித்தால் விலா எலும்பும் முதுகெலும்பும் நசுங்கும். அப்படி விடப்பட்ட பாம்பு பிழைப்பது அரிது. பாம்பைத் தூக்கிக் காட்டச் சொல்லி, அதனுடன் படம் எடுத்துக்கொள்ள விரும்பி, மீட்பாளரைத் தயவுசெய்து தூண்டாதீர்கள். பல்லாண்டு அனுபவமுள்ள மீட்பாளர்களே கடிபட்டு இறந்திருக்கிறார்கள்.

இக்கலையில் நமக்கெல்லாம் மூத்தவர்கள் இருளர்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த சமூகம் அது. 1972 சட்டமும் அதனை அடுத்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அவர்கள் பிழைப்பை நிறுத்தின. ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோரின் முயற்சியால் 1978 இல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அவர்கள் மண்பானைகளில் பாம்புகளை வைத்திருப்பதை உங்களில் பலர் பிள்ளைகளுடன் பார்த்திருப்பீர்கள். பிடித்த பாம்பைச் சில வாரங்கள் மட்டும் வைத்து, சிலமுறை நஞ்சு எடுத்து, அடையாளமாக வயிற்றுச் செதில் ஒன்றைக் கத்தரித்துவிட்டு, மீண்டும் வெளியே விட்டுவிடுகிறார்கள். எங்கள் வார்டில் நோயாளரின் நரம்பில் இறங்கும் நஞ்சு முறிவு மருந்துக்கு அந்த நஞ்சுதான் மூலப்பொருள். அதனைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் இரத்தத்திலிருந்து மருந்தைப் பிரிக்கிறார்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023 இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டபோது, எங்கள் பிரிவில் மகிழாதவர் இல்லை.

பிடித்த பாம்பை எங்கே விடுவது என்பதில் எங்களுக்கும் முன்பு தவறான எண்ணம் இருந்தது. தொலைவிலுள்ள காட்டில் விட்டால் அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது என்றே நினைத்தோம். அப்படியன்று. பாம்பு தன் வட்டாரத்தை அறிந்தே வாழ்கிறது: எந்தப் பொந்தில் குளிர்ச்சி, எந்த வரப்பில் எலி, எங்கே நீர். உடலில் சிறு ஒலிபரப்பிகளைப் பொருத்திப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். தொலைவில் விடப்பட்ட பாம்புகள் இடம் தேடி மிகுதியாக அலைவதையும், அவற்றில் இறப்பு கூடுவதையும் கண்டிருக்கிறார்கள். சாலையைக் கடக்கும், இன்னொரு வீட்டுக்குள் நுழையும். ஆகவே அக்கறையுள்ள மீட்பாளர்கள் வீடுகளிலிருந்து விலகிய, ஆனால் அதே சுற்றுவட்டாரத்திலுள்ள புதர்க்காட்டில் விடவே விரும்புவார்கள். "பக்கத்தில் விடாதீர்கள், திரும்பி வந்துவிடும்" என்று அவரிடம் சண்டையிடாதீர்கள். திரும்பி வரவும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டில் எலியும் இடுக்கும் இருக்கும்வரை, இந்தப் பாம்பு போனால் வேறொரு பாம்பு வரும்.

ஆதலால் வீட்டைத்தான் மாற்றவேண்டும். கோழித்தீவனத்தையும் அரிசி மூட்டையையும் எலி அணுகாதபடி வையுங்கள். செங்கல், ஓடு, விறகு ஆகியவற்றைச் சுவரோடு சேர்த்துக் குவிக்காதீர்கள். கழிவுநீர்க் குழாயின் வாயில் கம்பிவலை இடுங்கள். தோட்டத்து நைலான் வலையை, பயன்பாடு முடிந்ததும் சுருட்டி வையுங்கள். சாரையும் நல்ல பாம்பும் அதில் சிக்கிச் சாகின்றன, அறுத்துவிடப் போனவர்கள் கடிபடுகிறார்கள். சிறியாநங்கை நட்டாலோ பூண்டு கரைத்துத் தெளித்தாலோ பாம்பு வராது என்பதற்குச் சான்று எதுவுமில்லை. கார்பாலிக் அமிலத்தைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறோம்: அது பாம்பைத் தடுப்பதைவிட உங்கள் குழந்தையின் தோலையும் தொண்டையையும் பொசுக்குவதற்கே வாய்ப்பு மிகுதி. பாம்பு வீட்டில் இருப்பதைவிட அந்தப் புட்டி வீட்டில் இருப்பதற்கு நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம்.

இம்மடலை வாசிக்கும் உங்களில் பலர், வாரக்கணக்கில் எங்களோடு தங்கியிருந்துவிட்டு, பூட்டிக்கிடந்த வீட்டுக்குத் திரும்புவீர்கள். முடிந்தால் பகலில் போய்ச் சேருங்கள். விளக்கைப் போட்டு, மூலைமுடுக்கைப் பார்த்து, சுருட்டி வைத்த பாயையும் செருப்பையும் உதறிய பிறகே பயன்படுத்துங்கள். தரையில் படுப்போர் கொசுவலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். கட்டு விரியன் இரவில் உறங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இராது. விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு இமைகள் தாமாகச் சரிவது, பேச்சுக் குழறுவது என்று தொடங்கினால், கடித்தடம் இல்லாவிட்டாலும் உடனே வந்துவிடுங்கள்.

கடி நேர்ந்துவிட்டால் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த கையைப் போலக் கடிபட்ட உறுப்பை அசையாமல் சட்டம் வைத்துக் கட்டி, 108-ஐ அழையுங்கள். கயிறு கட்டி இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மந்திரிக்கச் செல்வது எதுவும் வேண்டா. கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள்.

அந்த நோயாளர் தை மாதத்தில் மறுபரிசோதனைக்கு வந்தார். சிறுநீரகச் செயல்பாடு ஏறத்தாழ இயல்புக்குத் திரும்பியிருந்தது. சுட்டுவிரல்தான் முழுவதும் மடங்கவில்லை. கோழிகளுக்கு வலையை எடுத்துவிட்டு, தரையோடு இடைவெளியில்லாத கம்பிக்கூண்டு அமைத்திருக்கிறாராம். சென்ற வாரம் மாட்டுக்கொட்டகையில் ஒரு நல்ல பாம்பு வந்ததாம். இந்த முறை அவர் மனைவி அவரைத் திண்ணையை விட்டு இறங்கவே விடவில்லை. நாற்பது நிமிடம் காத்திருந்து, மீட்பாளர் வந்து பையில் கொண்டுபோனதை இருவரும் வாசலிலிருந்தே பார்த்தார்களாம். வைக்கோல் போரருகே ஒரு சாரை மட்டும் இன்னும் சுற்றுகிறது என்றார். அது எலி பிடிக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்களாம்.