பீரோவின் பச்சைக்கு அடியில் ஒரு சாம்பல்

உங்கள் வீட்டு ஸ்டீல் பீரோ என்ன நிறம்? பச்சையா, பழுப்பா? எதுவானாலும் சரி, அதற்கு அடியில் இன்னொரு நிறம் ஒளிந்திருக்கலாம். சாம்பல்! அது பிறக்கும் இடத்தைப் பார்க்கலாம், வாருங்கள், பவுடர் கோட்டிங் பட்டறையின் பின்பக்கத்துக்கு!

வரிசையாக ஏழு தொட்டிகள். பட்டறையில் இதை ‘செவன் டேங்க்’ என்பார்கள். தீபாவளிக்கு நாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்போம். தகடோ எண்ணெய்ப் பிசுக்கு போகக் குளிக்கிறது. முதல் தொட்டியில் காரக் கரைசல், அடுத்து தண்ணீர். மூன்றாவதில் அமிலம் துருவைத் தின்றுவிடும். மறுபடி தண்ணீர். இதோ ஐந்தாவது! இதற்காகத்தானே வந்தோம்!

இந்தத் தொட்டியில் பாஸ்பாரிக் அமிலமும் கரைந்த துத்தநாகமும் காத்திருக்கின்றன. தகடு உள்ளே இறங்கியதும் அமிலம் இரும்பைக் கடிக்கிறது. குட்டிக் குட்டியாய் ஹைட்ரஜன் குமிழிகள்! கடித்த இடத்தில் மட்டும் அமிலத்தின் வீரியம் குறைகிறது. துத்தநாக பாஸ்பேட்டின் குணம் தெரியுமா? அமிலத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. வீரியம் குறைந்த அந்த இடத்திலேயே, இரும்பின் மேலேயே, அது படிகமாக முளைத்துவிடுகிறது. ஒட்டவைத்ததல்ல, முளைத்தது! இதற்குப் பெயர்தான் பாஸ்பேட்டிங்.

சில நிமிடங்களில் பளபளத்த தகடு மங்கிய சாம்பலாக வெளியே வருகிறது. படலத்தின் தடிமன் வெறும் சில மைக்ரான்தான். நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசியும் இதழுமாய் ஒரு படிகக் காடு! மூன்று துத்தநாகம், இரண்டு பாஸ்பேட், நான்கு நீர் மூலக்கூறு என்று சேர்ந்த இந்தப் படிகம் பூமியிலும் கிடைக்கிறது. எடின்பரோ வேதியியலர் தாமஸ் சார்லஸ் ஹோப் நினைவாக அந்தக் கனிமத்துக்கு ‘ஹோப்பைட்’ என்று பெயர்.

இந்தச் சொரசொரப்பைத்தான் பெயிண்ட் பற்றிக்கொள்கிறது. படலத்தில் மின்சாரம் எளிதில் பாயாது; அதனால் கீறல் விழுந்தாலும் பெயிண்டுக்கு அடியில் துரு வேகமாகப் பரவ முடியாது. பல கார் தொழிற்சாலைகளிலும் இதே வித்தைதான். முழு கார் பாடியையே தொட்டியில் முக்கி எடுப்பார்கள்!

துத்தநாக பாஸ்பேட்டின் வேலை இதோடு முடியவில்லை. நச்சான செவ்வீயத்துக்கும் குரோமேட்டுக்கும் மாற்றாகப் பிரைமரில் கலக்கும் வெள்ளைப் பொடியும் இதுவே. பல் டாக்டர் துத்தநாக ஆக்சைடு பொடியையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் குழைத்துப் பல்லுக்குத் தொப்பி ஒட்டும்போது, வாய்க்குள் இறுகுவதும் துத்தநாக பாஸ்பேட்தான். நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் சிமெண்ட் அது!

அடுத்த முறை பீரோவோ கேட்டோ வாங்கப் போனால் நிறத்தை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். “பெயிண்டுக்கு முன்னால் பாஸ்பேட்டிங் செய்தீர்களா?” என்று கேளுங்கள். பெயிண்ட் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.