பாலில் கதிரியக்கப் பொருள்கள்

அணுகுண்டு வெடிப்பிலும் அணு உலை விபத்திலும் வெளிப்படும் கதிரியக்கத் துகள்கள் காற்றோடு பரவி, தூசியாகவும் மழையோடும் நிலத்தில் படிகின்றன. இது கதிரியக்கப் பொழிவு எனப்படும். இப்பொழிவு மனித உடலை விரைவாக அடையும் வழிகளுள் ஒன்று பால்.

புல்லிலிருந்து பாலுக்கு

பசு நாள்தோறும் பரந்த இடத்தில் மேய்வதால், புல்லின்மேல் மெல்லியதாகப் படிந்த துகள்களும் அதன் உடலில் ஒன்றுசேர்கின்றன. அயோடின்-131 குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கிறது. அதில் ஒரு பகுதி பசுவின் தைராய்டு சுரப்பிக்கும் ஒரு பகுதி மடிக்கும் செல்கிறது; ஒரு நாளுக்குள் பாலில் தென்படுகிறது. சீசியம்-137 பொட்டாசியத்தைப் போலத் தசையிலும் பாலிலும் சேரும். கால்சியத்தை ஒத்த ஸ்ட்ரான்சியம்-90 எலும்பிலும் பாலிலும் சேரும். அயோடின்-131 இன் அரைவாழ்வு 8 நாட்கள். மற்ற இரண்டின் அரைவாழ்வு ஏறத்தாழ 30 ஆண்டுகள்; எனவே அவை மண்ணில் தங்கி, வேர் வழியாகவும் தீவனத்தை அடைகின்றன.

குழந்தைகளுக்கு ஏன் ஆபத்து?

குழந்தைகளின் தைராய்டு சுரப்பி சிறியது. ஆகவே ஒரே அளவு அயோடின் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் சுரப்பியில் அதிகக் கதிர்வீச்சு ஏற்பளவைத் தருகிறது. குழந்தைகள் பாலை மிகுதியாகவும் அருந்துகின்றனர்.

இரு விபத்துகள்

1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் அணு உலையில் தீப்பற்றியது. சில நாட்களிலேயே சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலின் விற்பனை தடைசெய்யப்பட்டு, பால் கொட்டப்பட்டது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் விபத்து நேர்ந்தபின் பல ஊர்களில் மக்கள் மாசடைந்த பாலைத் தொடர்ந்து குடித்தனர். பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில், விபத்தின்போது சிறுவராக இருந்தோரிடையே 2005 வரை 6000-க்கும் மேற்பட்ட தைராய்டுப் புற்றுநோய்கள் பதிவாயின. இவற்றுள் கணிசமானவற்றுக்கு அயோடின் கலந்த பாலே காரணம் எனக் கருதப்படுகிறது.

தடுக்கும் வழிகள்

பாலைக் காய்ச்சுவதால் கதிரியக்கம் நீங்காது. மாடுகளைத் தொழுவத்தில் கட்டி, பொழிவுக்கு முன் சேமித்த தீவனத்தைக் கொடுப்பதே முதல் வழி. அயோடின்-131 மட்டும் கலந்த பாலைப் பாலாடைக்கட்டியாகவோ பால்மாவாகவோ மாற்றிச் சேமிக்கலாம். 80 நாட்களில் கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். சீசியத்துக்கு இவ்வழி உதவாது. தீவனத்தில் பிரஷ்யன் நீலம் கலந்தால், அது குடலிலேயே சீசியத்தைப் பிணைத்துச் சாணத்துடன் வெளியேற்றும்.