பூட்டும் சாவியும் – 9: சந்தா கட்டியவருக்கு மங்கல் படம்

2014 ஆகஸ்டில் லினக்ஸ்காரர்கள் மத்தியில் ஒரு வித்தை பரவியது. க்ரோம் பிரவுசரின் சோதனைப் பதிப்பை நிறுவ வேண்டும். கணினியில் இருக்கும் ஒரு பாதுகாப்பு நூலகத்தைப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக, பிரவுசரைப் பொய் சொல்ல வைக்க வேண்டும். எந்தத் தளத்துக்குள் நுழைந்தாலும் ‘நான் இன்ன பிரவுசர், இன்ன இயங்குதளத்தில் ஓடுகிறேன்’ என்று பிரவுசர் ஒற்றை வரியில் தன்னைச் சொல்லிக்கொள்ளும். அந்த வரியில் லினக்ஸ் என்றிருந்ததை விண்டோஸ் என்று மாற்றினால் நெட்ஃபிளிக்ஸ் ஓடியது. மாற்றாவிட்டால் ஓடவில்லை. கணினியும் அதே, சந்தாவும் அதே.

இரண்டு மாதம் கழித்து நெட்ஃபிளிக்ஸ் தானாகவே கதவைத் திறந்தது. உபுண்டு லினக்ஸில் க்ரோம் இருந்தால் போதும், பொய் சொல்லத் தேவையில்லை. அந்த இடைவெளியில் லினக்ஸின் திறமை ஒன்றும் கூடிவிடவில்லை. அனுமதி கிடைத்தது, அவ்வளவுதான்.

சென்ற வாரம் பார்த்த நார்வே சிறுவன் யோன் லெக் யோஹான்சனின் வழக்கும் இதே புள்ளியில்தான் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கிய டிவிடியை லினக்ஸில் பார்க்க முடியவில்லை என்பதுதான் 1999இல் டிவிடியின் பூட்டை உடைத்ததற்கு அவர் தரப்பு சொன்ன நியாயம். 2003இல் நீதிமன்றங்கள் அவரை இரண்டு முறை விடுவித்தன. ஆனால் அதன்பின் காலம் நகர்ந்துவிட்டது. வட்டு போய் ஸ்ட்ரீமிங் வந்தது. வட்டில் பூட்டு ஒரே மாதிரி இருந்தது, ஒருமுறை உடைத்தால் உடைத்ததுதான். ஸ்ட்ரீமிங்கில் பூட்டுக்காரர் தினமும் பூட்டை மாற்றிக்கொள்ளலாம்.

நெட்ஃபிளிக்ஸ் 2008இல் மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் என்ற செருகுநிரலைத் தேர்ந்தெடுத்தது. விண்டோஸிலும் மேக்கிலும் அது ஓடியது. லினக்ஸுக்காக மிகேல் டி இகாசாவின் குழு நோவெல் நிறுவனத்தில் மூன்லைட் என்ற திறமூல மாற்றை எழுதியது. மைக்ரோசாஃப்டும் ஒத்துழைத்தது. எல்லாம் இருந்தது, பூட்டைத் திறக்கும் பகுதி மட்டும் இல்லை. அது இல்லாமல் நெட்ஃபிளிக்ஸ் படம் வராது. 2012இல் மூன்லைட் கைவிடப்பட்டது. அதே வருடக் கடைசியில், விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ‘வைன்’ என்ற கருவியை ஒட்டுப்போட்டு, விண்டோஸ் பிரவுசரையும் சில்வர்லைட்டையும் உள்ளே வைத்து ஓட்டிக்காட்டினார்கள். ஒரு படம் பார்க்க இன்னொரு இயங்குதளத்தையே நடிக்க வைக்க வேண்டியிருந்தது.

செருகுநிரல்களின் காலம் முடியப்போவது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 2012 தொடக்கத்தில் கூகுள், மைக்ரோசாஃப்ட், நெட்ஃபிளிக்ஸ் மூன்றும் சேர்ந்து இ.எம்.இ. என்ற முறையை இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி முன் வைத்தன. வேலை செய்யும் விதம் இது: மறைகுறியாக்கிய வீடியோ பிரவுசருக்கு வந்து சேரும். பிரவுசரால் அதைப் படிக்க முடியாது. தனக்குள் இருக்கும் ஒரு மூடிய மென்பொருளிடம் அதைக் கொடுக்கும். அந்த மென்பொருள் உரிமம் கேட்டு ஒரு சீட்டு எழுதும். வலைப்பக்கம் அந்தச் சீட்டை நிறுவனத்தின் உரிம சர்வருக்கு அனுப்பும். சர்வர் யோசித்து, திருப்தியானால், சாவியை அனுப்பும். மூடிய மென்பொருள் படத்தைத் திறந்து திரைக்குத் தரும்.

தரம் என்று எழுதிவைத்தது இந்தப் போக்குவரத்துக்கு மட்டும்தான். நடுவில் இருக்கும் மூடிய மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. நடைமுறையில் லினக்ஸில் அந்த இடத்தைப் பிடித்தது வைட்வைன். 1999இல் சியாட்டிலில் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2010 டிசம்பரில் கூகுள் வாங்கியது.

ஏன் மூடி வைக்க வேண்டும்? இங்கே ஸ்டூடியோக்களின் பக்கமும் ஒரு தர்க்கம் இருக்கிறது. சாவி கடைசியில் பார்ப்பவரின் கணினிக்குள்தான் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் படம் ஓடாது. விருந்தாளி கையில் பெட்டியையும் சாவியையும் கொடுத்துவிட்டு, திறந்து பார்க்கலாம், எடுத்துப் போகக் கூடாது என்று சொல்வது போன்ற ஏற்பாடு. மூலநிரல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால், ‘திரைக்கு அனுப்பு’ என்ற வரியை ‘கோப்பாகச் சேமி’ என்று யாரும் மாற்றிவிடலாம். எனவே திறமூலமும் இந்தப் பூட்டும் ஒத்துப்போகாதது தற்செயல் அல்ல. மறைத்து வைப்பதைத் தவிர இந்தப் பூட்டுக்கு வேறு பலம் கிடையாது.

அதிகம் தவித்தது மொஸில்லாதான். 2014 மேயில், விருப்பமில்லை, ஆனாலும் சேர்க்கிறோம் என்று அறிவித்தது. மறுத்தால் ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் படம் பார்க்கப் பக்கத்து பிரவுசருக்குப் போய்விடுவார்கள் என்பது கணக்கு. மூடிய மென்பொருளைத் தனியறையில் அடைத்து, வன்தட்டையும் நெட்வொர்க்கையும் அது தொடாதபடி வேலி போட்டார்கள். லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸுக்கு வைட்வைன் 2016 செப்டம்பரில், 49ஆம் பதிப்பில்தான் வந்தது. அங்கே அது கேட்காமல் இறங்காது. பூட்டிய வீடியோ உள்ள பக்கத்தைத் திறந்தால் மேலே ஒரு பட்டை தோன்றி அனுமதி கேட்கும்.

டபிள்யூ3சியில் சண்டை ஐந்து வருடம் நடந்தது. பூட்டின் பாதுகாப்பு ஓட்டைகளைச் சுட்டிக்காட்டும் ஆய்வாளர்கள் மேல் வழக்குப் போட மாட்டோம் என்ற உறுதிமொழியாவது கொடுங்கள் என்றது எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன். அதுவும் கிடைக்கவில்லை. 2017 செப்டம்பர் 18 அன்று 58.4 சதவீத ஆதரவோடு இ.எம்.இ. தரமானது. ஃபவுண்டேஷன் அன்றே வெளியேறியது. கருத்தொற்றுமையில் பெருமைகொண்ட ஓர் அமைப்புக்கு 58 என்பது பெருமைப்படும் எண் அல்ல.

தரம் வந்துவிட்டது, இனி எங்கும் ஓடும் என்று நினைத்தவர்களுக்கு 2019இல் டிஸ்னி பிளஸ் பதில் சொன்னது. லினக்ஸில் திறந்தால் ‘பிழை 83’. வைட்வைனில் பாதுகாப்பு நிலைகள் உண்டு. உயர்ந்த நிலையில் எல்லாம் வன்பொருளின் பூட்டிய பகுதிக்குள் நடக்கும். தாழ்ந்த நிலையில் வெறும் மென்பொருள். லினக்ஸ் மேசைக்கணினிக்குக் கிடைப்பது தாழ்ந்த நிலைதான். டிஸ்னியின் சர்வர் அதைவிடக் கூடுதலாகக் கேட்டது. எதிர்ப்பு கிளம்பியது. அமெரிக்க வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்குள் லினக்ஸில் படம் ஓடத் தொடங்கியது. பயனர்கள் எதையும் நிறுவவில்லை, தொலைவில் எங்கோ ஒரு அமைப்பு மாறியது. மறு திசையிலும் இது நடக்கும்: அதுவரை ஓடிக்கொண்டிருந்த எச்.பி.ஓ. மேக்ஸ், 2020 ஆகஸ்டில் லினக்ஸில் நின்றுபோனது.

பிரவுசர் எழுதுகிறவர்களின் பாடு இன்னும் மோசம். மெட்டாஸ்ட்ரீம் என்ற திறமூல பிரவுசரை உருவாக்கிய ஓர் இளைஞர், நண்பர்கள் தொலைவிலிருந்தபடி ஒரே நேரத்தில் படம் பார்க்க வழி செய்ய விரும்பி, வைட்வைன் கேட்டு கூகுளுக்கு எழுதினார். நான்கு மாதம் கழித்து, இப்படிப்பட்ட திறமூல ஏற்பாட்டை ஆதரிப்பதில்லை என்று 2019இல் பதில் வந்தது. க்ரோமின் திறமூல அடித்தளமான குரோமியத்துக்கே வைட்வைன் கூடவே வருவதில்லை. க்ரோமிலிருந்து ஒரு பைனரி கோப்பைப் பெயர்த்தெடுத்துக் குரோமியத்தில் வைப்பது லினக்ஸ் உலகில் பழகிப்போன கைவேலை. ராஸ்பெரி பை வைத்திருந்தவர்கள் அந்தக் கோப்புக்காகக் குரோம்புக்கின் மீட்புக் கோப்பையே முழுதாக இறக்கித் துழாவினார்கள். 2021இல்தான் அதற்கு அதிகாரபூர்வத் தொகுப்பு வந்தது.

ஓடினாலும் படம் தெளிவாக இருக்குமா என்பது தனிக் கேள்வி. விண்டோஸின் எட்ஜ் பிரவுசரில் 4கே தந்த நெட்ஃபிளிக்ஸ், க்ரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் நீண்ட காலம் 720பியோடு நிறுத்திக்கொண்டது. ஆர்வலர்கள் எழுதிய ஒரு எக்ஸ்டென்ஷன், பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் இருந்த பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்தது. 1080பி ஓடியது! அதே வைட்வைன், அதே நிலை. பின்னர் அந்த வழி அடைக்கப்பட்டது. அமேசான் பிரைம் வீடியோவோ லினக்ஸுக்கு எச்.டி. இல்லை என்றே சொல்லி வந்தது.

கெடுபிடிக்குக் காரணம் திருட்டுதான் என்றால், 2019 ஜனவரியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். டேவிட் புக்கனன் என்ற பிரிட்டன் ஆய்வாளர் வைட்வைனின் தாழ்ந்த நிலையை உடைத்துவிட்டதாக அறிவித்தார். மூடிய மென்பொருளின் கணக்கில் வேண்டுமென்றே பிழை புகுத்தி, விடைகள் எப்படிப் பிறழ்கின்றன என்று ஒப்பிட்டுச் சாவியைக் கண்டுபிடிக்கும் பழைய உத்தி அது. திருட்டுப் பட உலகம் அவருக்காகக் காத்திருக்கவும் இல்லை. ‘வெப்-டிஎல்’ என்ற முத்திரையோடு உலவும் பிரதிகள் திரையைப் படம்பிடித்தவை அல்ல, ஸ்ட்ரீமிலிருந்தே நேராக எடுத்தவை. அவற்றில் 4கே பிரதிகளும் தாராளம். அவற்றை லினக்ஸில் எந்த வீடியோ பிளேயரும் முழுத் தெளிவோடு ஓட்டும். மாதச் சந்தா கட்டியவருக்குத்தான் அந்த நாட்களில் 720பி.

பிரவுசருக்குள் இவ்வளவு. பிரவுசரைத் தாண்டி, கணினிக்கும் திரைக்கும் நடுவிலுள்ள எச்.டி.எம்.ஐ. கம்பிக்கும் ஒரு பூட்டு உண்டு. 2010 செப்டம்பரில் அதன் தலைமைச் சாவியே இணையத்தில் வெளியானது. அது உண்மையான சாவிதான் என்று பூட்டை உருவாக்கிய இன்டெலே ஒப்புக்கொண்ட அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)