காதலா, கடமையா? 200 வருடமாகத் தீராத வாசகர் வழக்கு!

ஒரே ஒரு சொல்தான். ‘அப்பா!’

2022 மார்ச் மாதம் நெட்ஃபிளிக்ஸில் ‘பிரிட்ஜர்ட்டன்’ தொடரின் இரண்டாவது சீசன் வெளியானபோது, 1814-ஆம் ஆண்டு லண்டனில் நடக்கும் கதையில் நாயகி கேட் ஷர்மா தன் தந்தையை ‘அப்பா’ என்று குறிப்பிட்டாள். ‘ஆகா, நம்ம ஊர்ச் சொல்!’ என்று பாதிப் பேர் துள்ளிக் குதிக்க, மீதிப் பேர் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். குடும்பப் பெயர் ஷர்மா. அக்காவைக் கூப்பிடுவது இந்தியில் ‘தீதி’. தங்கையைக் கூப்பிடுவது வங்காளத்தில் ‘போன்’. அப்பா மட்டும் தமிழிலா? ‘இது எந்த ஊர்க் குடும்பம்?’ என்று கேள்வி மேல் கேள்வி.

கேட் ஆக நடித்த சிமோன் ஆஷ்லி, தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். தங்கை எட்வினாவாக வந்த சரித்ரா சந்திரனுக்கும் தமிழ்நாட்டு வேர்கள்தான். அக்கா தங்கையின் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஒரு காட்சி வரும். தாய்மொழி எது என்று சண்டை போட்டவர்கள்கூட, அந்த ஒரு காட்சியில் சமாதானமாகிப் போனார்கள்.

சரி, ஒரு ஜாலியான காதல் கதைக்கு இவ்வளவு விவாதமா? இது புதிதல்ல. இந்த வகைக் கதைகளும் அவற்றைப் பற்றிய வாசகர் சண்டையும் ஒன்றாகப் பிறந்தவை!

‘ரீஜென்சி’ என்றால் என்ன?

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு மனநிலை பாதிக்கப்பட்டதால், 1811 முதல் 1820 வரை அவருடைய மகன் பிரதிநிதியாக இருந்து ஆட்சி நடத்தினார். அந்தக் காலம்தான் ரீஜென்சி. குதிரை வண்டி, நடன விருந்து, மாப்பிள்ளை தேடும் அம்மாக்கள், வாய்த்துடுக்கான நாயகி, முறைத்துக்கொண்டே காதலில் விழும் பணக்கார நாயகன்... இவை சேர்ந்தால் ரீஜென்சி காதல் கதை. ஜார்ஜெட் ஹேயர் என்ற எழுத்தாளர் 20-ஆம் நூற்றாண்டில் இந்த வகையை ஒரு தனி ரகமாகவே நிலைநிறுத்தினார்.

பிரிட்ஜர்ட்டன் தொடருக்கு மூலம், ஜூலியா குவின் எழுதிய நாவல்கள். இரண்டாம் சீசனுக்கு அடிப்படையான நாவல் 2000-ல் வெளிவந்தது. அதில் கேட், ஷர்மாவே இல்லை. கேட் ஷெஃபீல்டு என்ற ஆங்கிலேயப் பெண்.

புத்தகம் படித்தவர்களுக்கு இன்னொரு குறை. நாவலில் கேட்டைத் தேனீ கொட்டும். நாயகன் ஆண்டனியின் அப்பா தேனீ கொட்டித்தான் இறந்திருப்பார். அதனால் அவன் பதறிப்போய் விஷத்தை எடுக்கப் பார்ப்பான். அந்தக் கோலத்தில் பெரியவர்கள் பார்த்துவிட, ‘மானம் போச்சு’ என்று உடனே கல்யாணம். சிரிக்கவும் வைக்கும், நெகிழவும் வைக்கும் இடம் அது. தொடரில் தேனீ கொட்டுகிறது, கல்யாணம் நடக்கவில்லை. ஆண்டனி தங்கை எட்வினாவோடு மணமேடை வரை போய்விடுகிறான்.

‘தங்கை மனசை இப்படி நோகடிக்கலாமா?’ என்று ஒரு கட்சி. ‘கடமை கடமை என்று தன் ஆசையைப் புதைத்துக்கொண்ட ஒரு பெண், கடைசி நிமிஷம் வரை எப்படித் தவிப்பாள் என்பதை அந்த மணமேடைதான் காட்டுகிறது’ என்று இன்னொரு கட்சி. வீட்டுக்கு மூத்த பெண்ணாகப் பிறந்த பலர் இரண்டாவது கட்சி.

வாசகர் கருத்தைச் சேகரித்த எழுத்தாளர்

ரீஜென்சி காலத்திலேயே வாழ்ந்து, அந்தக் காலத்துக் கல்யாணச் சந்தையைக் கேலியும் கரிசனமுமாக எழுதியவர் ஜேன் ஆஸ்டின். 1815 டிசம்பரில் அவருடைய ‘எம்மா’ வெளிவந்தது. ஊரில் எல்லாருக்கும் ஜோடி சேர்த்து வைக்கிறேன் பேர்வழி என்று குழப்படி செய்யும் ஒரு பணக்காரப் பெண்ணின் கதை. ‘இந்த நாயகியை என்னைத் தவிர யாருக்கும் பிடிக்காது’ என்று ஆஸ்டினே முன்கூட்டிச் சொல்லிவைத்தார்.

அதோடு நிற்கவில்லை. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், தெரிந்தவர்கள் என்று யார் யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தன் கையாலேயே எழுதிவைத்தார். அந்தக் குறிப்பு இன்றும் இருக்கிறது. படித்தால் சிரிப்பு தாங்காது.

பெற்ற தாயே முழு மார்க் போடவில்லை. முந்தைய ‘மேன்ஸ்ஃபீல்டு பார்க்’கை விட இது கலகலப்பு, ஆனால் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ அளவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். செல்ல அண்ணன் மகள் ஃபேனிக்கு நாயகியைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாயகன் நைட்லியை மட்டும் ரொம்பப் பிடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர், எழுதியவரைத் தெரியாமல் இருந்திருந்தால் படித்து முடித்திருக்கவே மாட்டேன் என்றார். இன்னொருவர், ‘கதை சுவாரஸ்யமில்லையாமே’ என்று கேள்விப்பட்டு, முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்தார்! ஒருவரின் கருத்து எவ்வளவு மோசமாக இருந்ததோ, அதை அனுப்பிவைக்கவே ஃபேனிக்கு மனசு வரவில்லை.

மறுபக்கம், அந்தக் காலத்தில் எழுத்தாளர்களை நடுங்கவைத்த ‘எடின்பரோ ரிவ்யூ’ பத்திரிகையின் ஆசிரியர், இந்த நாவலால் மூன்று ராத்திரி தூங்கவில்லையாம். கப்பற்படையில் இருந்த தம்பி சார்லஸ், கடல் பயணத்தின்போதே மூன்று தடவை படித்துவிட்டார். பிற்காலத்தில் அதே சார்லஸ், நம் டெல்டா வணிகக் குடும்பங்கள் பலவும் பிழைக்கப் போன பர்மாவில், ஐராவதி நதியில் 1852-ல் உயிர்விட்டார் என்பது தனிக்கதை.

புகழுரைகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஆஸ்டின் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. திட்டு, பாராட்டு, அலுப்பு எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதினார். அடுத்த ஒன்றரை வருடத்தில், 1817 ஜூலையில், 41 வயதில் மறைந்துவிட்டார்.

கடலூருக்கு வந்த அத்தை

கல்யாணத்தில் முடியும் கதை என்பதால் இவற்றைச் சுலபமாக ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தப் பெண்களுக்குக் கல்யாணம் பொழுதுபோக்காகவா இருந்தது?

ஆஸ்டினுடைய அப்பாவின் அக்கா ஃபிலடெல்ஃபியா. தாய் தந்தை இல்லை, சொத்து இல்லை. வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஆங்கிலேயப் பெண்களுக்கு அன்று ஒரு கடைசி வழி இருந்தது. கப்பலேறி இந்தியா வந்தால், கம்பெனி உத்தியோகஸ்தர் யாராவது கட்டிக்கொள்வார். அப்படி 1752-ல் சென்னை வந்து இறங்கிய ஃபிலடெல்ஃபியாவுக்கு, 1753-ல் நம் கடலூரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை, கம்பெனி மருத்துவர் ஹேன்காக்.

அத்தையின் கதை ஆஸ்டின் வீட்டில் தெரிந்த கதை. சிறுவயதில் எழுதிய ஒரு கதையில், கல்யாணத்துக்காக வங்காளத்துக்கு அனுப்பப்படும் ஒரு பெண்ணை ஆஸ்டின் கொண்டுவந்திருக்கிறார். அவருடைய நாவல்களில் யாருக்கு எத்தனை பவுன் வருமானம் என்ற கணக்கு, காதல் வசனத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவது சும்மா இல்லை. சிரிப்புக்கு அடியில் இந்தப் பயம் ஓடிக்கொண்டே இருக்கும்.

நாகூரிலிருந்து ஒரு நாவல்

இனி நம் பக்கம் வருவோம். 1938-ல் ஒரு தமிழ் நாவல் வெளிவந்தது. பெயரே ‘காதலா? கடமையா?’ எழுதியவர் நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம். 1917-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. நாவல் வந்தபோது வயது 21. தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண் என்று இலக்கிய வரலாற்றில் இவரைக் குறிப்பிடுகிறார்கள்.

அரச பதவி, காதல், கடைசியில் கடமையின் குரல் என்று போகும் விறுவிறுப்பான கதை. பின்னாளில் வந்த எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ படக்கதையோடு இதை ஒப்பிட்டுப் பேசுபவர்களும் உண்டு.

அந்த நாவலுக்குக் கிடைத்த வாசகர் கருத்துகளில் ஒன்று, யாருக்கும் எளிதில் கிடைக்காதது. சங்க நூல்களை ஏட்டுச்சுவடியிலிருந்து மீட்டெடுத்த உ.வே.சாமிநாதையரே பாராட்டி எழுதிக் கொடுத்தார்! அவருக்கு அப்போது 80-ஐத் தாண்டிய வயது. அவரும் காவிரிக்கரைக்காரர்தான். பழந்தமிழ்க் கடல் ஒருவர், மூன்றாம் வகுப்பு படித்த இளம்பெண்ணின் காதல் நாவலை ‘இதெல்லாம் ஒரு நூலா?’ என்று தள்ளவில்லை.

டெல்டாவில் இந்த ருசி அதற்கும் முன்பே உண்டு. மன்னார்குடி பக்கத்து வடுவூரில் பிறந்த கே.துரைசாமி ஐயங்கார், ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிய மர்மமும் காதலும் கலந்த கதைகள் தமிழ் வாசகர்களைக் கட்டிப்போட்டன. அந்தக் காலத்தில் இந்தியா முழுக்க விரும்பிப் படிக்கப்பட்டவர் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர். அவர் கதையாக்கிய விஷயங்களில் ஒன்று, அதே ரீஜென்சி இளவரசரின் அரண்மனை லீலைகள்! ஆக, ரீஜென்சி லண்டன் தமிழ் வாசகர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் வந்து அறிமுகப்படுத்திய இடமில்லை.

கூத்தாநல்லூரில் படித்தால்...

நாகூரிலிருந்து உள்ளே வந்தால், திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் வயல்கள் சூழ்ந்த கூத்தாநல்லூர். ‘சின்ன சிங்கப்பூர்’ என்று பெயரெடுத்த ஊர். தம்ரூட் இனிப்புக்கும் பேர்போன ஊர். ஆண்கள் கடல் கடந்து சம்பாதிக்கப் போவதும், பெண்கள் வீட்டையும் பிள்ளைகளையும் கட்டிக்காப்பதும் இங்கே தலைமுறைப் பழக்கம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு ரீஜென்சி காதல் கதையைத் திறந்தால், அது அந்நியமாகத் தெரியாது. கப்பற்படைக்குப் போன ஆணுக்காகக் காத்திருக்கும் பெண். கடிதம் வந்த நாள்தான் திருநாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீடே தலைகீழ். எந்தக் குடும்பம், எவ்வளவு சொத்து, யார் வழியில் உறவு என்று விசாரணை. ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் பெண்ணின் பெயர் என்னாவது என்ற கவலை. பெயரை மட்டும் மாற்றினால் போதும். கடிதத்தின் இடத்தை இன்று வாட்ஸ்அப் வீடியோ கால் பிடித்துக்கொண்டது, காத்திருப்பு மாறவில்லை.

இதைச் சரியாகப் பிடித்தவர் இயக்குநர் ராஜீவ் மேனன். ஆஸ்டின் 1811-ல் ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று மட்டும் போட்டு வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைத்தான் அவர் 2000-ல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஆக்கினார். உயில் காரணமாக வீட்டை இழக்கும் அக்கா தங்கை, தமிழ்ச் சூழலில் ஒட்டாமல் போகவே இல்லை. அப்பாஸ் மாதிரி கவிதை பேசுகிறவனா, மம்மூட்டி மாதிரி காலை இழந்த முன்னாள் ராணுவ வீரரா என்ற கேள்வியில் குடும்பங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. நாவலைப் படித்த இங்கிலாந்துக்காரர்களும் 200 வருடமாக அதே கட்சிதான் கட்டுகிறார்கள்.

மறைத்துப் படித்த புத்தகம்

தமிழில் ரமணிசந்திரன் நாவல்களுக்கும் இதே கதி. ‘எல்லாம் ஒரே கதை. மோதல், காதல், கல்யாணம்’ என்று கேலி செய்பவர்கள் ஒருபுறம். ‘நல்லபடியாக முடியும் என்று தெரிந்துதான் எடுக்கிறேன். நாள் முழுக்க முடிவு தெரியாத கவலைகள்தானே?’ என்று சொல்லும் வாசகிகள் மறுபுறம். பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து, அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்து, யாராவது வரும்போது தலையணைக்கு அடியில் தள்ளிப் படித்த தலைமுறைகள் உண்டு. ஆண்கள் படிக்கும் துப்பறியும் நாவலை யாரும் இப்படி ஒளித்து வைக்கச் சொல்லவில்லை.

ஒரு பெண், ‘எனக்கு இந்த நாயகனைப் பிடிக்கவில்லை’ என்று தைரியமாகச் சொல்லக்கூடிய இடம் பல வீடுகளில் கதை ஒன்றாகத்தான் இருந்தது. தனக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி வாய் திறக்க முடியாதவள், நாவலில் வரும் மாப்பிள்ளையைக் கிழித்துத் தோரணம் கட்டலாம். ‘அவள் ஏன் இவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும்?’ என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் மகள், தன் வாழ்க்கைக்கும் அதைப் பொருத்திப் பார்ப்பாள்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது காதல் நாவலில் மூழ்கியிருந்தால், ‘என்ன குப்பை படிக்கிறே?’ என்று கேட்க வாய் எடுப்பதற்கு முன், ‘உனக்கு அந்த நாயகியைப் பிடிச்சிருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். பிடித்திருக்கிறது என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, ஏன் என்று அவர் சொல்லும் பதிலைப் பாதியில் வெட்டாமல் முழுசாகக் கேளுங்கள். அதில் கதையைப் பற்றிப் பாதிதான் இருக்கும்!