ஒரு குவார்ட்டர் என்பது எத்தனை?

பெங்களூரு காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் வேலை முடித்து வரும் ஒரு பெயின்டரிடம் "தினமும் எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணே ஒண்ணுதாண்ணா, ஒரு குவார்ட்டர்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மருத்துவரின் கணக்கில் அந்த ஒன்று, ஆறு.

குவார்ட்டர் என்றால் 180 மில்லி. நம் ஊர் விஸ்கி, ரம்மில் சாராயச் சத்து 42.8 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 61 கிராம் ஆல்கஹால். 10 கிராமைத்தான் மருத்துவர்கள் 'ஒரு டிரிங்க்' என்கிறார்கள். 30 மில்லி 'ஸ்மால்' ஏறக்குறைய ஒன்று. கர்நாடகத்தில் விற்கும் 90 மில்லி காகித டப்பா, சென்னைக்காரர்களின் கட்டிங், மூன்று.

இது வெறும் கணக்குப் பாடமல்ல. உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆராய்ந்து, மதுப் பிரச்சினையைக் கண்டறிய உருவாக்கிய 'ஆடிட்' வினாத்தாளில் 10 கேள்விகள், 40 மதிப்பெண். எட்டைத் தொட்டால் கவனம் தேவை. (அந்த ஆறில் இந்தியா இல்லை.) வாரம் எத்தனை நாள்? தினமும்: 4. ஒரு நாளைக்கு எத்தனை? 'ஒன்று': 0. ஒரே நேரத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் குடிப்பதுண்டா? 'சேச்சே': 0. மற்ற ஏழிலும் பூஜ்யம் என்றே வைப்போம். மொத்தம் 4, பெயின்டர் தப்பிவிடுகிறார். குவார்ட்டரை ஆறாக எண்ணினால் இரண்டாவது கேள்விக்கு 2, மூன்றாவதுக்கு 4. மொத்தம் 10. ஆள் அதே ஆள்தான், பாட்டிலும் அதேதான்.

அமெரிக்க மருத்துவர் ஜான் யூவிங்கின் 'கேஜ்' வினாத்தாள், குடிக்கும் அளவையே கேட்காது. 1984இல் வெளியான அதில் நாலே கேள்விகள். ஒன்று, குடிப்பது பற்றிக் குற்ற உணர்வு உண்டா என்பது. ஒரு கிளாஸ் ஒயினே தலைகுனிவாகக் கருதப்படும் வீட்டில், ஒரு பெண்ணின் 'ஆமாம்' எதைச் சொல்கிறது? பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் மதுப் பிரச்சினை ஆண்களில் 9 சதவீதம், பெண்களில் 0.5. இந்த இடைவெளியில் கொஞ்சமாவது கூச்சத்தின் பங்கு என்றே எனக்குப் படுகிறது. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கான 'டி-ஏஸ்' சுற்றி வளைத்து, போதை ஏற எத்தனை வேண்டியிருக்கிறது என்று தொடங்குகிறது. பதின்வயதினருக்கான 'கிராஃப்ட்' போதையில் இருந்தவர் ஓட்டிய வண்டியில் ஏறினாயா என்று கேட்கிறது.

முதியவர்கள் தனி ரகம். கன்டோன்மென்ட் பகுதியில் ராணுவ கேன்டீன் ரம்மைத் தூக்கத்துக்கு மருந்தாக எடுத்துக்கொள்ளும் தாத்தாக்கள் உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்தாலும், பெயர் மறந்தாலும் பழி வயதின் மேல் போகும். மிச்சிகன் பல்கலைக்கழகம் முதியோருக்கென உருவாக்கிய சுருக்கப் பட்டியலில் எத்தனை பெக் என்ற கேள்வியே கிடையாது. வாழ்க்கையில் ஓர் இழப்புக்குப் பின் குடி கூடியதா, குடித்தபின் பசிக்காமல் சாப்பாட்டை விட்டதுண்டா என்கிறது. அதன் முதல் கேள்வி: மற்றவர்களிடம் பேசும்போது, குடிக்கும் அளவைக் குறைத்துச் சொல்வதுண்டா?