ஊசியும் கத்தியும்
வீட்டுத் தையல் – 9

சென்ற வாரம் பக்கங்களைத் தைத்து முடித்த பருத்தி டாப்பை உள்புறமாகத் திருப்பிப் பாருங்கள். வெட்டிய ஓரமெல்லாம் நூல் நூலாக எட்டிப் பார்க்கும். நாலு துவையலில் அந்தப் பிசிறு தையல் வரைக்கும் வந்துவிடும். கடையில் வாங்கும் உடுப்புகளின் உள்ளே, வலை பின்னியதுபோல் ஓரத்தைச் சுற்றி ஒரு தையல் ஓடுமே, அந்த ஓவர்லாக்தான் இதற்கு மருந்து. ஆறு வருஷமாக என் வீட்டில் அந்த மிஷின் இருக்கிறது. சாதா மிஷினைவிட அதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். அதனிடம்தான் அதிகம் பயப்படுகிறேன்.

சாதா மிஷினில் ஊசி நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ளும். ஓவர்லாக்கில் பாபினே கிடையாது. லூப்பர் என்று இரண்டு வளைந்த கைகள். ஒன்று கீழே நூலைக் கொண்டுபோகும். இன்னொன்று விளிம்பைச் சுற்றி மேலேறி வந்து ஊசி நூலில் மாட்டும். குரோஷா பின்னத் தெரிந்தவர்களுக்கு இது பார்த்ததும் பிடிபடும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பின்னலாடை ஆலை நடத்திய மெரோ குடும்பம், குரோஷா ஓரத்தைக் கையால் போடாமல் மிஷினில் போட முயன்றதிலிருந்து வந்ததுதான் இது. 1881-இல் அவர்கள் முதல் ஓவர்லாக்கை ஓட்டினார்கள்.

நூல் மட்டும் நிறையத் தின்னும். ஒரு மீட்டர் சாதா தையலுக்குச் சுமார் இரண்டரை மீட்டர் நூல் போதும். மூன்று நூல் ஓவர்லாக்குக்கு ஏறக்குறைய 14 மீட்டர் வேண்டும். அதனால்தான் சின்ன நூல்கண்டு கட்டுப்படியாகாது; கோன் நூலாக வாங்குங்கள்.

மிஷின் வந்த முதல் வாரம், கீழ் லூப்பரில் நூல் அறுந்தது. மறுபடி கோத்தேன், மறுபடி அறுந்தது. ஒரு மத்தியானம் முழுக்க இதே கதை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருபது வருஷம் ஓவர்லாக் அடித்த அத்தைக்குப் போன் போட்டேன்.

“ஊசி நூலை முதல்ல உருவிப் போட்டியா கண்ணு?”

“இல்லீங்க அத்தை, அது சரியாத்தானே இருக்கு?”

“அதான் அறுக்குது. மேல் லூப்பரு, கீழ் லூப்பரு, கடைசியாத்தான் ஊசி. ஊசி நூலு உள்ள கெடந்தா லூப்பரு நூலு அதுல மாட்டிக்கும்.”

உருவிவிட்டு வரிசையாகக் கோத்தேன், ஓடியது. நிறம் மாற்றும்போது எல்லாவற்றையும் புதிதாகக் கோக்கவும் வேண்டாம் என்றார். பழைய நூலை கோனுக்குப் பக்கத்தில் வெட்டி, புது நூலோடு முடிச்சுப் போட்டு, டென்ஷனைத் தளர்த்தி, மறுமுனையைப் பிடித்து இழுத்தால் போதும். ஊசிக் காதில் மட்டும் முடிச்சு நுழையாது. அங்கே வெட்டிவிட்டுக் கையால் கோக்க வேண்டும். எந்தக் கையேட்டையும்விட இந்தப் பத்து நிமிஷப் பேச்சுதான் எனக்கு மிஷினைத் திறந்து காட்டியது.

பயம் என்று சொன்னேனே, அது கத்தியால். ஊசிக்குச் சற்று முன்னால் இருக்கும் கத்தி, துணியின் ஓரத்தை நறுக்கிக்கொண்டே போகும். பின்னாலேயே நூல் சுற்றும். குண்டூசி குத்தியபடி உள்ளே விட்டால் கத்தி மழுங்கும், முனையும் தெறிக்கும். கிளிப் மாட்டுங்கள். தையலைப் பிரிக்கலாம், நறுக்கிய துணி திரும்ப வராது.

அது எனக்கு அக்காவின் ரவிக்கையில்தான் உறைத்தது. புது மிஷின் வந்த சந்தோஷத்தில், பட்டு ரவிக்கையின் இரு பக்கங்களையும் நான்கு நூல் ஓவர்லாக்கிலேயே சேர்த்து அடித்துக் கொடுத்தேன். உள்ளே அவ்வளவு சுத்தமாக இருந்தது. குழந்தை பிறந்தபின் அக்கா அதை எடுத்துக்கொண்டு வந்தாள். “கொஞ்சம் பிரிச்சு விடுடீ” என்றாள். விடுவதற்கு உள்ளே கால் அங்குலம்கூட இல்லை. அம்மா தைத்த ரவிக்கைகளில் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் மடிந்து கிடக்கும். சின்ன வயதில் அதை வீண் துணி என்று நினைத்திருக்கிறேன்.

பனியன் துணிக்கு இந்தக் கவலை இல்லை. டிஷர்ட்டும் நைட் பேண்டும் உடம்போடு இழுபட்டுக் கொடுக்கும். அங்கே சாதா தையல்தான் இழுத்தால் அறுந்துபோகும். ஓவர்லாக் கூடவே விரியும். அவற்றை நேராக நான்கு நூலில் சேர்த்து அடியுங்கள். ஓரம் அலையலையாக நெளிந்தால் டிஃபரன்ஷியல் ஃபீடை 1-லிருந்து மெல்லக் கூட்டுங்கள். முன்பல் துணியைக் கூடுதலாக உள்ளே தள்ளும், நெளிவு அடங்கும்.

ரவிக்கை, டாப் போன்ற இழுபடாத துணிகளுக்கு வேறு வழி. தைப்பதற்கு முன்பே ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் தனித்தனியாக மூன்று நூலில் அடித்துவிடுங்கள். கத்தி பிசிறை மட்டும் தொட வேண்டும். பிறகு ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி, சாதா மிஷினில் பக்கங்களைச் சேருங்கள். சென்ற வார டாப்பை ஏற்கெனவே சேர்த்துவிட்டோம்; அதற்கு இரண்டு ஓரங்களையும் விரித்து வைத்து, ஒவ்வொன்றாக அடித்தால் சரி.

அக்காவுக்கு அப்படி இரண்டு ரவிக்கைகள் தைத்துக் கொடுத்தேன். போன மாதம் ஒன்றை அவளே பிளேடால் பிரித்து, அரை அங்குலம் விட்டு, பக்கத்து வீட்டு மிஷினில் ஒரு தையல் போட்டுக்கொண்டாளாம். எனக்குப் போனில்தான் சொன்னாள்.

(அடுத்த வாரம்: கழுத்துப் பட்டி)