மாங்கனி தந்த மாணிக்கம்

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிச்சாண்டவர் வீதியுலா வருகையில் மாடிகளிலிருந்து மாங்கனிகள் மழையாய்ப் பொழிவதையும், அவற்றைப் பிடிக்க மக்கள் முண்டியடிப்பதையும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இவ்விழாவின் நாயகி நம் போன்ற வணிகக் குடும்பத்துப் பெண்மணி என்பது நமக்குத் தனிப் பெருமை.

காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதியார். நாகப்பட்டினத்து வணிகர் மகன் பரமதத்தனுக்கு வாழ்க்கைப்பட்டவர். மாப்பிள்ளை காரைக்காலிலேயே தொழில் நடத்தினார். ஒருநாள் அவரைக் காண வந்தவர்கள் கொடுத்த இரண்டு மாங்கனிகளை வீட்டிற்கு அனுப்பினார். பசியோடு வந்த சிவனடியாருக்கு, கறியமுது தயாராகாத நிலையில், சோற்றோடு ஒரு கனியைப் படைத்தார் அம்மையார். மதியம் உணவருந்திய கணவர் இரண்டாவது கனியையும் கேட்க, இறையருளால் ஒரு கனி கிடைத்தது. அதன் சுவை மாறுபட்டிருக்கக் கண்டு, "இது ஏது?" என்று அவர் வினவினார்.

நம் சிந்தனைக்குரிய இடம் இதுதான். ஒரு சிறு பொய் சொல்லியிருந்தால் குடும்பம் குலைந்திராது. அம்மையார் உண்மையையே சொன்னார். கணவரோ மனைவியைத் தெய்வமென அஞ்சி, வாணிபம் செய்வதாகக் கப்பலேறிப் போனவர், பாண்டி நாட்டில் வேறொரு பெண்ணை மணந்தார். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டார். தேடிச் சென்ற அம்மையாரின் காலில் குடும்பத்தோடு விழுந்தார்.

ஊரும் உறவும் பார்த்து நிற்க ஒரு பெண்ணுக்கு நேர்ந்த இந்த நிலையை எண்ணிப் பாருங்கள்! அம்மையார் கணவரைத் தூற்றவில்லை. அவருக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று பேயுருவை வேண்டிப் பெற்றார் என்கிறார் 12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார். 101 வெண்பாக்கள் கொண்ட அற்புதத் திருவந்தாதியும், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களும் அவர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. தேவாரத்திற்கும் முந்தியவை அவை. ஒட்டிய கன்னமும் துருத்திய எலும்பும் கையில் தாளமுமாகச் சோழர் கால வெண்கலச் சிலைகளில் அவரைக் காணலாம். அந்த முகத்தில் தவழும் ஆனந்தமே உள்ளத்தின் அழகு.

துன்பம் வந்த எல்லோரும் பக்குவப்பட்டு விடுவதில்லை. சிலர் கசந்து போகிறார்கள். சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நம் கடற்கரையைச் சூறையாடியது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது. இயற்கைச் சீற்றம் இல்லாத காலத்திலும் வராக்கடன், விலை வீழ்ச்சி, கூட்டாளி பிரிவு என்று வியாபாரிக்குச் சோதனைகள் ஓய்வதில்லை. அந்த நேரத்தில் எடையில் கை வைக்காமலும், வாங்கிய கடனை மறுக்காமலும், பசித்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமலும் இருப்பவர் நஷ்டத்திலும் வளர்கிறார்.

கடையின் அலங்காரம் வாடிக்கையாளரை ஒருமுறை அழைத்து வரும். கடைக்காரரின் நாணயமே அவரை மறுமுறையும் அழைத்து வரும். வணிகப் பெருமக்களே! இந்த ஆண்டு மாங்கனி வாங்கும்போது, உண்மை சொல்லி எல்லாம் இழந்தும் தாழாத அந்த அம்மையாரையும் நெஞ்சில் நிறுத்துவோம்.